உள்ளங்கை கறுத்த அக்கா

அக்கா உள்ளங்கையை விரித்து என் முன் நீட்டினாள். ரேகைகள் மையால் கோடிழுத்ததுபோல் கறுத்திருந்தன. மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரிக்கு, டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுக்கும் டிரசராக நான் வந்த புதிது. பால்மரம் வெட்டும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "வெயிலு அக்கா" என்றேன். "ரப்பர்க்காட்டுக்குள்ள ஏது தம்பி வெயிலு? படிச்ச புள்ள பேசுற பேச்சப் பாரு!" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். எத்தனை மருத்துவப் புத்தகம் புரட்டியவன்! அந்தக் கேள்வியை அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாமா?

அந்த மாதங்களில் அவள் மெலிந்துகொண்டே போனாள். சோற்றை ஒதுக்கிவிட்டு, பாசிர் பெனம்பாங் கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டை உப்போடு அப்படியே கடித்துத் தின்பாள். "மசக்கையாடி?" என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். ஒரு காலை, பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, காய்ச்சலும் வாந்தியுமாய் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் அங்கிருந்து நேரே என்னிடம் கூட்டிவந்தார். காய்ச்சல் என்று யார் வந்தாலும் முதலில் பேதியாக விளக்கெண்ணெய், பிறகு குயினின். வேலைக்கு டிமிக்கி கொடுப்பவனை எண்ணெயே காட்டிக்கொடுத்துவிடும் என்பது தோட்டத்து நம்பிக்கை. நானும் அளந்து ஊற்றி, லயத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நடுப்பகலில் கணவர் அவளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. நாடி என் விரலுக்கு அகப்படவேயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தண்ணீர் புகட்ட வாயைத் திறந்தபோதுதான் கண்டேன்: ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் நீலக்கறுப்புத் திட்டுகள். ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். கறுத்த ரேகை, மெலிவு, வாந்தி, அடங்கிப்போகும் நாடி, எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி செத்துக்கொண்டிருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சிகூட வந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

"பேரு தெரிஞ்சிருச்சில்ல, மருந்து குடுங்க டிரசரையா" என்று கணவர் கையேந்தினார். அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை மறுபடி படித்தேன். மருந்தென்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

சைக்கிளில் ஆளனுப்பி, கோலசிலாங்கூரிலிருந்து டாக்டர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார். நாடி சற்றே எழும்பிப் பிறகு ஒரேயடியாக அடங்கிப்போனது. "நோயைச் சரியாத்தான் சொன்னீர். உடம்பில தண்ணியே இல்லையே, நேற்று என்ன குடுத்தீர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஊசியை உருவித் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. கப்பலில் வரும் மருத்துவ இதழ்களை ஆவலாய்ப் பிரித்துத் தேடுகிறேன், அந்நோய்க்கு மருந்து இன்னும் வந்தபாடில்லை. காய்ச்சல்காரரின் வாயைத் திறந்து பார்க்காமல் இப்போது எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதில்லை. ஆனால் அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து, அவள் கணவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே, "ஒங்க மேல தப்பில்லீங்க. நாந்தான் பிந்திக் கூட்டியாந்துட்டேன்" என்று!

அவர் பிந்தவேயில்லை. அதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.