மைக் செட் சுப்புராஜ் கழற்றிய குடை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு சுவரை அளந்தது. ஏணி மேல் அவர். ஏணியைப் பிடித்தபடி நான். திண்டுக்கல்லில் பழைய பிரஸ்பிட்டேரியன் சர்ச்சின் பிரசங்க பீடத்துக்கு மேலே, கல்சுவரில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் வேண்டியிருந்தது.

“நாலடி ரெண்டு அங்குலம். எழுதிக்க.”

“சென்டிமீட்டர்ல சொல்லுங்கப்பா.”

“வெள்ளைக்காரன் அடியிலதான் கட்டுனான். சென்டிமீட்டர் வேணும்னா அவன்ட்டப் போய்க் கேளு.”

அப்பா பெயர் சுப்புராஜ். ஊருக்கு மைக் செட் சுப்புராஜ். சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இளவயதிலேயே ஒலிபெருக்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிதான். யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. ஆனால் பேகம்பூர் வரை கேட்கும். தொழிலில் இதற்கு ‘நல்ல சவுண்டு’ என்று பெயர்.

சர்ச்சும் அவருடைய வாடிக்கைதான். ஸ்காட்லாந்து மிஷனரிகள் கட்டியது. அவர்களுக்கு அலங்காரம் ஆகாது. சிலை இல்லை, படம் இல்லை, சன்னலில் வண்ணக் கண்ணாடிகூட இல்லை. கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரம், ஒரே நீளக் கூடம். மற்ற சர்ச்சுகளில் பலிபீடம் இருக்கும் இடத்தில் இங்கே பிரசங்க பீடம், ஆள் உயரத்தில். கடவுளைப் பார்க்க வராதே, கேட்க வா என்பது அவர்கள் கட்சி. அதனால் பீடத்துக்கு மேலே ஒரு எட்டுமூலைத் தேக்குப் பலகையைக் குடை மாதிரி தொங்கவிட்டார்கள். போதகரின் குரல் கூரைக்குப் போய்த் தொலையாமல் பலகையில் பட்டு பெஞ்சுகளுக்குத் திரும்பும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம்.

சபையார் அதை மரியாதைக் குடை என்று நினைத்துக்கொண்டார்கள். “பாஸ்டர் என்ன மகாராஜாவா, குடை பிடிக்கிறதுக்கு?” என்று ஒரு கமிட்டி கேட்டது. ஸ்பீக்கர் மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்த என் அப்பா, ஸ்பேனரோடு தயாராக நின்றார். குடை இறங்கியது, ஸ்பீக்கர் ஏறியது, எதிரொலி பிறந்தது. எதிரொலியை அடக்க இன்னும் இரண்டு பெட்டி வைத்தார். அவை கிளப்பிய எதிரொலிக்கு மேலும் நாலு. நோயைக் கொடுத்தவரே மருந்தையும் விற்றார். அந்த மருந்தில்தான் நான் எஞ்சினியரிங் படித்தேன். ஒலியியல், வேறென்ன.

குடை சமையல்கூடத்துக்குப் போனது. வருடாவருடம் சர்ச்சில் போடும் அசன விருந்துக்கு அதைக் கவிழ்த்துப் போட்டுக் கத்தரிக்காய் வெட்டினார்கள். நல்ல தேக்கு. கத்தி வழுக்காது.

போன வருட அசனத்தில்தான் நான் அதை முதன்முறையாகக் கவனித்தேன். அது எதற்கான பலகை என்று அப்பாவிடம் சொன்னேன்.

“இத ஏன் முன்னமே சொல்லல?”

“நீங்க கழட்டுனப்ப நான் பொறக்கவே இல்லப்பா.”

“அதுவும் சரிதான்” என்றார், பெரிய மனது பண்ணி என்னை மன்னித்தவர் போல.

அதன் பிறகு மனிதர் அடங்கவில்லை. சொந்தப் பெட்டிகளுக்கே இடது காதைப் பலி கொடுத்திருந்தவர், சர்ச்சில் சத்தம் சரியில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து கமிட்டி, பிரசங்க பீடத்தை இடித்துவிட்டு மேடை கட்டி எல்.இ.டி. திரை வைப்பதென்று முடிவெடுத்திருந்தது. அப்பா செயலாளர் பொன்னழகிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“ஏலே சுப்பு, நீயே கழட்டுவ, நீயே மாட்டுவ. நடுவுல நாங்கல்லாம் என்ன கேனப்பயலுகளா?”

“அத என் வாயால வேற சொல்லணுமாண்ணே?”

பொன்னழகு சிரித்துவிட்டார். பிறகு கறாராகச் சொன்னார்: “அறுப்பின் பண்டிகைக்குள்ள மாட்டு. பாஸ்டர் மைக் இல்லாம பேசட்டும். கடைசி பெஞ்சுக்குக் கேட்டா பீடம் நிக்கும். கேக்கலையா, மறுநாளே கடப்பாரை.”

குடையில் கத்தித் தழும்பு போக இரண்டு மூலை உளுத்திருந்தது. அப்பா அதை பேகம்பூரில் முகமது பாரூக்கின் மரப்பட்டறைக்குக் கொண்டுபோனார். பாரூக் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வேதக்கோயில் சாமான், இந்து கொண்டாராரு, துலுக்கன் இழைக்கிறேன். பேப்பர்க்காரன் பாத்தா மத நல்லிணக்கம்னு போட்டோ எடுப்பாண்ணே.”

“எடுக்கட்டும். நீ சொன்ன தேதிக்கு ஒருநாளும் வேலை முடிச்சதில்லைன்னு அதுலயே போடச் சொல்லுறேன்.”

அந்த ஒரு முறை பாரூக் சொன்ன தேதிக்கு முடித்தார். அப்பாதான் தவறிவிட்டார். ஆயக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு.

சாவு வீட்டுக்கு செட் கட்டியவர் அப்பாவின் போட்டிக்காரர் ஈஸ்வரன். பாட்டில் ஒரு சொல்லும் புரியவில்லை. தெருவே அதிர்ந்தது. அப்பா இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

பொன்னழகு மாலையோடு வந்தார். நிஜமாகவே அழுதார். பண்டிகையை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எப்பிடிம்மா தள்ளுறது? சனங்க காணிக்கைக்குப் பூசணியும் வாழைத்தாரும் அறுத்துருவாங்க. அழுகிரும்ல.”

பண்டிகை வருகிற ஞாயிறு. அப்பாவின் காரியம் பதினாறாம் நாள், அதற்கடுத்த புதன். அது வரை எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கக் கூடாது என்கிறார் அம்மா.

“அது சர்ச்சும்மா. அவங்க தீட்டெல்லாம் பாக்க மாட்டாங்க.”

“அவுக பாக்காட்டி என்ன? நாம பாக்கணும்ல.”

கொக்கிகள் எடை தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கும். கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா என்றும் பார்த்தேன். கேட்கும். இந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

பலகை பாரூக் பட்டறையில் மெருகேற்றிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. போன வாரம் வியாழக்கிழமை வேனோடு வந்து எடுத்துக்கொள்வதாக அப்பா அவரிடம் சொல்லியிருந்தார். அப்பா போனது செவ்வாய்க்கிழமை.