கூப்பிடும் அளவும் வெட்டும் அளவும்

இடது கை வெள்ளைத் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் சோக்கு. இடுப்புக் கோடு போடவேண்டிய இடத்துக்கு வந்ததும் சோக்கு நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்து மூடி, மறுபடி சோக்கை எடுத்தது அந்தக் கை. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"இருளாண்டி, காலையில இருந்து அந்தக் கொப்பிய எத்தின தரம் தொறந்துட்டீங்க? சோதினைக்குப் போறீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் பலீல். மாத்தளை திருகோணமலை வீதியில் அவருடைய புடைவைக் கடையின் முன்புறத்தில்தான் பதினைந்து வருடமாக இருளாண்டியின் தையல் மெஷின் நிற்கிறது.

"சோதினையெல்லாம் எழுதியாச்சு நானா. பெயிலானது இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு."

1986 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கோ முற்றத்தில் காயும் கராம்பின் வாசனை வீதி முழுக்க இருந்தது. இராணுவ லொறி ஒன்று போனது. போய் மறையும்வரை கடையில் யாரும் பேசவில்லை. அந்த வருடங்களில் எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

இருளாண்டி இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். வெட்டுத் தொழிலை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. துரை ஒருவர் கழித்துவிட்ட கோட்டைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைப் பழைய பேப்பரில் வைத்து வரைந்து, மறுபடி தைத்துப் பழகினார். மூன்று தரம் பிரித்தார். நான்காவது தரம் கோட்டு கோட்டாக வந்தது.

தொழிலில் அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நெஞ்சை இரண்டு தரம் அளப்பது: மூச்சை முழுக்க விட்ட பின் ஒரு தரம், முழுக்க இழுத்த பின் ஒரு தரம். 1974இல் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்து மூச்சை இழுத்தபோது கோட்டின் நடுப் பொத்தான் தெறித்து ஐயர் மடியில் விழுந்தது. அன்றிலிருந்து இந்த வழக்கம். இரண்டு எண்ணையும் திகதியோடு கொப்பியில் எழுதுவார். முழங்கைக்கு மேலே, மேற்கையின் சுற்றளவையும் எழுதுவார்.

மற்றது, இடுப்பு அளவைப் பொய்யாகக் கூப்பிட்டுச் சொல்வது. ஆரம்ப காலத்தில் ஒரு கட்டடக் கொந்தராத்துக்காரரின் இடுப்பைக் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது "நாப்பத்திரெண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு, வயிறு வைக்கத் தொடங்கிய யாருக்கும் பழைய எண்ணைத்தான் சத்தமாகச் சொல்வார். மெய்யான எண்ணைக் கொப்பியில் எழுதி அதன்படி வெட்டுவார். கூப்பிடும் அளவு வேறு, வெட்டும் அளவு வேறு. அதனால் யாருக்கும் ஒரு கெடுதியும் வந்ததில்லை என்றே நினைத்திருந்தார்.

அன்று காலைதான் தவமணிதேவி வந்து போயிருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்யும் தர்மராஜாவின் மனைவி. மேசையில் கிடந்த வெள்ளைத் துணி தர்மராஜாவின் களிசானுக்கு, நீளக் காற்சட்டைக்கு, வாங்கியது. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; மாத்தளைக்கு வந்து பன்னிரண்டு வருடம். தர்மராஜாவுக்குப் பதவி உயர்வோடு லக்கல பக்கத்துச் சின்னத் தபால் கந்தோர் ஒன்றுக்கு மாற்றம் வந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் ஏற்றத்தில் நடக்க வேண்டும். யானை வரும் பாதை. சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கோயில் படி ஏறவே அவருக்கு மூச்சு வாங்குது," என்றார் அவர். "டொக்டரிட்டப் போங்கோ எண்டால், அறுபத்தெட்டுக் கிலோ, பத்து வருஷமா அதே நிறை எண்டுறார். இடுப்பும் அதே முப்பத்திரண்டாம், இருளாண்டியிட்டக் கேட்டுப் பார் எண்டுறார். உண்மைதானே? நீங்கள் சொன்னால் எனக்கும் ஒரு நிம்மதி."

இருளாண்டி, "பாத்துச் சொல்றேங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

கொப்பியில் இருந்தது இதுதான். 1980 தீபாவளி: இடுப்பு முப்பத்திரண்டு, மேற்கை பன்னிரண்டு, மூச்சு விட்டால் நெஞ்சு முப்பத்தாறு, இழுத்தால் முப்பத்தெட்டரை. 1985 தீபாவளி: இடுப்பு முப்பத்தேழு, மேற்கை பத்தரை, நெஞ்சு விட்டால் முப்பத்தாறரை, இழுத்தால் முப்பத்தேழேகால். இரண்டரை அங்குலம் விரிந்த நெஞ்சு முக்கால் அங்குலத்துக்கு வந்திருந்தது.

முதலில் நாடாவைத்தான் சந்தேகித்தார். பழைய நாடா இழுபடும். பலீல் துணி அளக்கும் பித்தளை யார் கோலில் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு கொப்பியை முதலிலிருந்து புரட்டினார். வயிறு பெருத்தவர்கள் இருபது பேரைக் குறித்தார். பதினான்கு பேருக்கு மேற்கை மெலிந்து மூச்சின் அளவும் குறைந்திருந்தது. ஆறு பேருக்கு இரண்டுமே குறையவில்லை. மிளகு ஸ்டோரில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு இடுப்பு நாற்பத்தொன்று. ஆனால் மேற்கை பதினான்கு, மூச்சு இரண்டேகால். பருமன் மட்டும் காரணமில்லை என்று பட்டது. உடம்பில் எது எங்கே கூடி எது எங்கே குறைந்தது என்பதில் ஏதோ இருந்தது. என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் தராசுக்கு அது தெரியாது என்பது தெரிந்தது.

எப்போது தொடங்கியது என்பதும் கொப்பியில் இருந்தது: எண்பத்து மூன்றுக்குப் பிறகு. எண்பத்து மூன்றுக்கு முன் தர்மராஜா தினமும் விடிய அளுவிகாரை வரை நடந்துபோய் வருவார். அந்த வருட இனக்கலவரத்துக்குப் பிறகு தவமணிதேவி அவரை இருட்டில் வெளியே விடவில்லை. வீட்டிலிருந்து கந்தோருக்கு வேனில் போய் வேனில் வந்தார். மற்ற நேரமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ செய்தி கேட்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்குத் தர்மராஜா வந்தார்.

"என்ன இருளாண்டி, களிசான் முடிஞ்சுதோ?"

"இல்லீங்கய்யா. இன்னொருக்கா அளக்கணும்."

"ஏன், நான் வளந்திட்டனோ?"

பலீல் சிரித்தார். இருளாண்டி சிரிக்கவில்லை. நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டார். "விடுங்க... இப்ப இழுங்க. இன்னும் இழுங்க."

"இழுத்தாச்சு ஐசே. இதுக்கு மேல இழுக்க நான் என்ன கொல்லன் துருத்தியோ?"

முக்கால்தான். நாடா இடுப்புக்கு இறங்கியது.

"முப்பத்தேழே முக்கால்."

"எவ்வளவு?"

"முப்பத்தேழே முக்காலுங்க."

"நீர் பிழையாப் பாக்கிறீர். தீபாவளிக்கு முப்பத்திரண்டு எண்டுதானே கத்தினீர்?"

"கத்தினதுதான் பொய்யிங்க. வெட்டினது முப்பத்தேழு."

துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தர்மராஜாவின் முகம் சிவந்தது. "இத்தனை வருஷமா என்னை விசரனாக்கிப் போட்டீர்!"

"ஆமாங்கய்யா. மரியாதைன்னு நெனச்சு செஞ்சேன். வெயிட்டு மாறலீங்க, ஆனா கையில கொறஞ்சிருக்கு, வயித்துல ஏறியிருக்கு. மூச்சு மூணுல ஒரு பங்குகூட இல்ல. நீங்க லக்கலைக்கு ஏறப்போறீங்க."

"நீர் என்ன டொக்டரோ?"

"இல்லீங்க. டொக்டரு கேட்டா நீங்க முப்பத்திரெண்டுன்னு சொல்லுவீங்க. அது என்னோட நம்பருங்க. அதத்தான் திருப்பி எடுத்துக்குறேன்." ஆறு வருட அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நீட்டினார்.

தர்மராஜா அதைத் தொடவில்லை. வேகமாக இறங்கி நடந்தார். இருபது அடி போய் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியபின் திரும்பிப் பாராமல் போனார்.

"நல்ல மனுஷன் ஒருத்தர தொலச்சிட்டீங்க," என்றார் பலீல். "ஒரு பொய் சொன்னீங்க, சரி. அதயே சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

இருளாண்டி ஒரு சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க உட்கார்ந்தார். அன்று பூட்டும்வரை ஒரு பொத்தான்கூட நேராக விழவில்லை. மூன்று பொத்தானைப் பிரித்தார்.

வியாழன் காலை தவமணிதேவி வந்தார். கணவர் வீட்டில் வந்து கத்தியதில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதுவும் கேட்காமல் தாளை எடுத்து, நாலாக மடித்து, பேர்சில் வைத்துக்கொண்டு போனார். இருளாண்டி முப்பத்தேழே முக்காலுக்குக் கோடு போட்டு வெட்டினார். வெட்டிய பிறகும் நிலைகொள்ளவில்லை. தர்மராஜா வழமையாகப் போடுவதுபோல் ஒரு வெள்ளைச் சட்டை வீதியில் தெரியும்போதெல்லாம் தலையைத் தூக்கினார். பின்னேரம் வீதி திடீரென்று வெறிச்சோடி, யாரோ ஏதோ கதை கட்டிவிட, கடைகள் பாதிக் கதவைச் சாத்தின. அரை மணியில் மறுபடி திறந்தன. வெள்ளைச் சட்டை வரவில்லை.

வெள்ளி மூன்று மணிக்கு வந்தது, மனைவியோடு. தர்மராஜா மெதுவாக நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு குழாயில ஊதச் சொன்னார் டொக்டர்," என்றார். "ஊதினன். ஒரு கிழவன் ஊதினமாதிரி இருக்கெண்டார். நெஞ்சில வருத்தம் ஒண்டும் இல்லையாம். வயித்துக் கொழுப்பு கீழயிருந்து தள்ளுது, மூச்சு இழுக்கிற தசையளும் வத்திப் போச்சு, தராசை நம்பாதையும் எண்டார். உம்முடைய தாளைப் பாத்திட்டு, இதை எழுதினது ஆர் எண்டு கேட்டார்."

"என்னங்க சொன்னீங்க?"

"ஒரு பொய்யன் எண்டன்."

பலீல் உள்ளே இருமினார். தவமணிதேவி கணவரின் கையைத் தட்டினார்.

"லக்கலைக்கு என்னங்க எழுதினீங்க?"

"ஏலாது எண்டு எழுதேல்லை. ஆறு மாதம் தாங்கோ எண்டு எழுதி டொக்டரின்ர துண்டையும் வைச்சிருக்கிறன். அதுக்குள்ள நடந்து பழக வேணும். விடிஞ்ச பிறகு, இவவும் வாறாவாம்." அவர் மனைவியைப் பார்த்தார். "நாலு முழத்துக்கு ஒருக்கா நிண்டு கதைப்பா. எனக்கும் மூச்செடுக்க நேரம் கிடைக்கும்."

இருளாண்டி களிசானை எடுத்தார். இடுப்புப் பட்டியின் உட்புறம் தையலில் ஒன்றரை அங்குலத் துணியைக் கூடுதலாக மடித்துப் பிடித்து வைத்திருந்தார், பிறகு சிறிதாக்கவும் பெரிதாக்கவும். அதைத் திருப்பிக் காட்டினார். தர்மராஜா தையலில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சொல்லும், எவ்வளவுக்கு வெட்டினீர்?"

"அதுதான் அன்னைக்கே..."

"வழமையாக் கத்துவீரே, அப்பிடிக் கத்தும்."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். இருளாண்டி எழுந்து நின்று, களிசானை மடித்து இரண்டு கையாலும் ஏந்தினார்.

"இடுப்பு முப்பத்தேழே முக்கால்!" என்று சத்தமாகச் சொல்லி, அதைத் தர்மராஜாவின் கையில் கொடுத்தார்.