இருபது நிமிஷக்காரரின் காலி மனை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவருக்கு 'இருபது நிமிஷம்' என்று பெயர் விழுந்து ஆறு வருடமாகிறது. புறநகரில் வீடு கட்டிக் குடிபோன மறுநாள், "வீடு எவ்வளவு தூரம் சார்?" என்று யாரோ கேட்க, "இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் ஒரு மணி நாற்பது நிமிஷம். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவரிடம் இல்லாததால், காலையில் எழுந்திருக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்.

புறநகரின் இன்பங்களைப் பற்றி அவர் கடையில் ஆற்றிய சொற்பொழிவுகளுக்குக் கணக்கில்லை. காற்று, அமைதி, பறவைகள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவது, தெருமுனை நாய்கள் ஏழும் தினமும் அவரைப் பஸ் வரை துரத்திக்கொண்டு வந்து வழியனுப்புவது, மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறுவது ஆகியவை அவற்றில் இடம்பெறவில்லை. நேரமின்மைதான் காரணம்.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டது வீட்டை ஒட்டியிருந்த காலி மனைக்காகத்தான். உரியவர் யாரோ வெளியூர்க்காரர். எட்டிப் பார்த்ததே இல்லை. ஓரமாக நாலு வெண்டைச் செடி வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்காருவார். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவர் லென்ஸ் பொருத்துபவர் அல்ல, ஜமீன்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜமீனுக்கு ஆபத்து வந்தது.

"என்னங்க, பக்கத்து மனை விலைக்கு வருதாம். அண்ணன் வாங்கலாம்னு ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாரு," என்றாள் மனைவி, முகமெல்லாம் பல்லாக.

அவளுடைய அண்ணன் மின்சார மீட்டரில் அளவு எடுப்பவர். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் வாய்விட்டுப் படிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதோடு, ஓர் இடத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கிற ஆளுமல்ல.

நம்மவர் உடனே போனை எடுத்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக உண்மை பேசினார்.

"மச்சான், பஸ்ஸுல ஒரு மணி நாப்பது நிமிஷம் ஆகும். தண்ணி கிடையாது. நாய்த் தொல்லை வேற."

"போங்க மாப்ள, உங்க அடக்கம் எனக்குத் தெரியாதா! இருபது நிமிஷம்னு ஊருக்கே தெரியுமே."

ஞாயிற்றுக்கிழமை, டிரைவருக்கு என்ன அவசரமோ, பஸ் எங்கும் நிற்காமல் பறந்து வந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இறங்கினார். "பத்தொன்பது! நீங்க ஒரு நிமிஷம் கூட்டித்தான் சொல்லியிருக்கீங்க." நாய்கள் ஏழும் வரிசையாக நின்று வாலாட்டின. குழாயில் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. எங்கிருந்தோ ஒரு பறவை வந்து பாடவும் செய்தது.

"பாம்பு இருக்கு மச்சான்," என்றார் இவர், கடைசி அஸ்திரமாக.

"இருக்கட்டுமே, எலி வராது."

மச்சான் மனையைச் சுற்றி வந்தார். வெண்டைச் செடிகளுக்கு நடுவே ஒரு எல்லைக்கல் தெரிந்தது. விடுவாரா? குனிந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "பதினேழு" என்று படித்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"விலைக்கு வர்றது பதினெட்டாச்சே?"

"பதினேழு எங்க வீடு."

மச்சான் நிமிர்ந்து, இவர் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் போனார். வாளி கவிழ்ப்பதற்கென்றே யாரோ நட்டதாக ஆறு வருடமாய் அந்தக் குடும்பம் நம்பிவந்த கல்லிலிருந்து வாளியை எடுத்தார்.

"பதினெட்டு."

பறவை பாட்டை நிறுத்திக்கொண்டது. ஆறு வருடத்துக்கு முன், இரண்டு மனையும் ஒரே புதராகக் கிடந்த காலத்தில், ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர் அடுத்தவர் மனையில் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார். காலி மனை அவருடையதேதான். விலைக்கு வந்திருப்பது அவர் வீடு நிற்கிற மண்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்களே, நீங்க ஒண்ணு மாட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"மச்சான்," என்றார் அவர். குரலில் தேன் ஒழுகியது. "நீங்களே பதினெட்டை வாங்கி எனக்கு மாத்திக் குடுத்துடுங்க. பதிலுக்கு என் பதினேழை எடுத்துக்குங்க. வேற எவனாவது வாங்கிட்டா வீட்டைத் தலையிலயா தூக்கிட்டுப் போவேன்? அதோட, இங்க என்ன காத்து தெரியுமா! என்ன அமைதி!"

அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. குழாய் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. நாய்கள் ஏழும் குரைத்துக்கொண்டு வந்து மச்சானை நாற்காலி மேல் ஏற்றின.

"ஒரு மணி நாப்பது நிமிஷம்னு போன்ல சொன்னீங்களே மாப்ள?" என்றார் அவர் நாற்காலி மேலிருந்து.

"இருபதுதான் மச்சான்! சத்தியமா இருபதுதான்!"

"தண்ணி கிடையாதுன்னீங்க?"

"இப்பத்தான் கொட்டுச்சே!"

"பாம்பு?"

"எலி வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

மச்சான் நாய்களைப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சரி, தங்கச்சிக்காக வாங்கிக்கறேன். ஆனா இந்த நாற்காலியும் மனையோட சேர்த்தி."

இப்போது பதினேழில் மச்சான் வீடு எழும்பிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலடிச் சந்து. ஜமீன்தார் அதில் முக்காலி போட்டு, காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். "அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு இருபது நிமிஷத்துல வந்துடறேன்" என்று அவரைத் தாண்டிக்கொண்டு மனைவி போகிறாள். திரும்பி வர ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகிறது. ஏன் என்று கேட்க அவருக்கு வாய் ஏது?