குடைமேல் நடந்தவன்

என் அக்கா, ஸஜீதா ராத்தாவின் மாப்பிள்ளை ஜைனுதீனைப் பல்லேபொலயில் தெரியாதவர் இல்லை. கொஞ்சம் மிளகுத் தோட்டம், ஒரு பழைய த்ரீவீலர், வாயைத் திறந்தால் ஆர்மிக் கதை. மாத்தளையில் தையல்கடை வைத்திருந்தவரின் மகன். எண்பதுகளில் வீட்டில் சொல்லாமல் போய் ஆர்மியில் சேர்ந்தார். பிறகு பாராசூட்டில் குதிக்கிற பிரிவுக்கு எடுபட்டார். "தைக்கிறத விட்டுட்டு துணியில தொங்கப் போறியா?" என்று அவருடைய வாப்பா கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் யட்டவத்தயில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவன். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புவேன். மச்சானுடைய கதைகளில் பாதியைக் காற்றில் விட்டுவிடுவதுதான் என் வழக்கம். டீவியில் சுதந்திர தின விழா ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. இந்தக் காலத்து நீள்சதுரப் பாராசூட் குடையில் பையன்கள் கொடியோடு வளைந்து வளைந்து வந்து, குறித்த இடத்தில் நின்றபடியே இறங்குவார்கள். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இது பாராசூட்டா? பட்டம். நினைச்ச பக்கம் திருப்பலாம். எங்கட வட்டக் குடை அப்படி இல்ல றிகாஸ். காத்து எங்க கொண்டுபோகுதோ அங்கதான். மூட்டைய வீசின மாதிரி விழணும், விழுந்து உருளணும். இந்த ரெண்டு முழங்காலும் போனது அப்படித்தான்."

வீரக் கதைகள் இருக்கட்டும். எனக்கு எரிச்சலூட்டியது அவருடைய வேறு சில பழக்கங்கள். கொசுவலைக்குள் படுக்க மாட்டார். தலைக்கு மேலே துணி கட்டிய இடத்தில் நிற்க மாட்டார். மழைக்கு யாராவது படங்கு கட்டினால், நனைந்தாலும் பரவாயில்லை என்று வெளியே நிற்பார். ராத்தா பலதடவை கேட்டிருக்கிறாள். "மூச்சு முட்டுது" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அவருடைய மகள் நிப்லாவின் நிக்காஹ் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. பந்தலுக்கு மேலே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டியிருந்தோம். அன்றைக்கு மட்டும் அவர் தப்ப முடியாது. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டும். கையைப் பிடித்தார், சொல்லவும் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுப் பூனை பந்தல் துணிமேல் ஏறி நடந்தது. துணி குழிந்து குழிந்து நிமிர்வது கீழேயிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மச்சான் மேலே பார்த்தார். மாப்பிள்ளையின் கையை உதறினார். சிங்களத்தில் "துவபங்!" என்று கத்தினார். ஓடு என்று அர்த்தம். கத்திவிட்டு, பந்தலை விட்டு வெளியே ஓடிப்போய் வெயிலில் நின்று நடுங்கினார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் எனக்கு மூக்கு அறுபட்டது. அவரைச் சமாதானம் செய்து கூட்டிவந்து, துணியை அவிழ்த்துவிட்டு, வெறும் வானத்துக்குக் கீழேதான் அந்த நிக்காஹ் முடிந்தது. பல மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பைத்தியத்துக்கு என் ராத்தாவைக் கட்டிக்கொடுத்துவிட்டோமே என்று வயிறு எரிந்தது.

போன வருஷம் ஒரு காலையில் ராத்தா என்னைக் கூப்பிட்டாள். கலேவெலயிலிருந்து குசுமா என்ற பெண் ஃபோன் பண்ணியிருக்கிறாள், மச்சானைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். குசுமா, மச்சானோடு ஆர்மியில் இருந்த ரணவீரவின் தங்கை. ரணவீர ஒரு பயிற்சிக் குதிப்பில் காணாமல் போனவன். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

வேனில் போகும்போது மச்சான் தானாகவே பேசினார். அவர் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை.

"நான் குதிச்சேன், எனக்குப் பின்னால அவன் குதிச்சான். குதிச்சதும் எண்ணணும், எண்ணி முடிச்சதும் மேல பாக்கணும், குடை விரிஞ்சிருக்கான்னு. பாத்தேன். விரிஞ்சிருந்திச்சு. அதுக்கு மேல ரெண்டு கால்."

"காலா?"

"துணிக்கு மேல. ஆளத் தெரியாது. ரெண்டு குழிதான் தெரியும்."

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. வட்டக் குடையில் இரண்டு பேர் ஒருவருக்கு மேல் ஒருவராக வந்துவிட்டால், கீழே இருப்பவனுடைய குடை காற்றை எல்லாம் பிடித்துக்கொள்ளும். மேலே இருப்பவனுக்குக் காற்று இல்லை. அவனுடைய குடை சுருங்கும், அவன் கீழே இருப்பவனின் குடைமேல் வந்து நிற்பான். அங்கே நின்றால் இரண்டு பேருக்கும் மரணம்தான். அதனால் கீழே இருப்பவன் ஓடு என்று கத்த வேண்டும். மேலே இருப்பவன் துணிமேல் ஓடி விளிம்பால் குதித்துவிட வேண்டும். குதித்தால் அவன் குடை திரும்ப விரியும். அதுதான் பாடம்.

"நான் கத்தினேன். அவன் ஓடினான். ஒவ்வொரு குழியா விளிம்பு வரைக்கும் போச்சு. இப்ப விழுவான், என் பக்கத்தால கீழ போவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆரும் விழல்ல றிகாஸ். துணி நிமிர்ந்திச்சு. அவ்வளவுதான்."

ரணவீரவின் குடை மட்டும் பிறகு கிடைத்தது. தூரத்துக் காட்டில் ஒரு பாலை மரத்தில் தொங்கியதாம். நெஞ்சில் இருக்கும் பூட்டைத் திருகித் தட்டினால் உடம்பைக் கட்டியிருக்கும் பட்டையெல்லாம் கழன்றுவிடும். அந்தப் பூட்டு திறந்திருந்தது. இறங்கியவன் கழற்றிப் போட்டுவிட்டுக் காட்டுக்குள்ளே ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். யுத்த காலம். ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். விசாரணையில் மச்சான் "நான் ஆளைப் பார்க்கவில்லை" என்றிருக்கிறார். அது பொய்யுமில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி அவருக்கு ஒரு ப்ளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். பந்தலடியில் நடந்ததுக்கு நான் அவரோடு பேசாமல் இருந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். பயத்தில் மனிதனுக்கு என்னென்னவோ தெரியும்.

கலேவெல டவுனைத் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. குசுமா வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டாள். அங்கே பேசியது எல்லாம் சிங்களம். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"அம்மாவுக்கு இனி அதிக நாள் இல்ல. செத்தவங்க பேர்ல பிக்குமாருக்குக் குடுக்கிற தானத்த அண்ணனுக்கு இன்னும் குடுக்கல்ல. உயிரோட இருக்கிறவனுக்கு எப்படித் தானம் குடுக்கிறதுன்னு விடமாட்டேங்கிறாங்க. தானம் குடுக்காட்டி அவனுக்குப் போய்ச் சேர வழி இல்ல. நீங்க கடைசியாக் கூட இருந்தவர். செத்தத கண்ணால பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல."

"நான் பாக்கல்லயே, தங்கச்சி," என்றார் மச்சான்.

"பாவம் எனக்கு வரட்டும். சொல்லுங்க."

அறைக்குள்ளே போனோம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கூரை. ஓட்டுத் தூசியும் அணில் எச்சமும் கட்டிலில் விழாமல் இருக்க, சுவருக்குச் சுவர் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மச்சான் கதவு நிலையிலேயே நின்றுவிட்டார். நான் முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனேன். அந்த அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். நாங்கள் வந்ததைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜைனுதீனா? உக்காரு புதா. இது அவன் வர்ற நேரம்."

மகனே என்று கூப்பிட்டவள், விரலால் மேலே காட்டினாள்.

வெளியே நல்ல வெயில். காற்று அசையவில்லை. துணியின் ஒரு மூலையில் ஒரு குழி விழுந்தது. பிறகு அதற்கு முன்னால் இன்னொன்று. முதல் குழி நிமிர்ந்தது. மெதுவாக, நிதானமாக, ஒன்று மாற்றி ஒன்றாக எங்கள் தலைக்கு மேலே வந்தது.

"பூனை," என்றேன்.

"எங்க வீட்டுல பூனை இல்ல," என்றாள் குசுமா.

அயல் வீட்டுப் பூனையாக இருக்கலாம். மரநாயாகவும் இருக்கலாம். இரண்டு காலால் நடக்கிற மரநாயை நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். அந்த வீட்டு ஓட்டுக்கும் துணிக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுகூட இடமில்லை என்பதை வெளியே வந்த பிறகு கூரை விளிம்பால் எட்டிப் பார்த்தேன். அப்போது பார்க்கவில்லை. அப்போது பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டிருந்தேன், அதையும் தப்பும் தவறுமாக.

குழிகள் சுவரோரம் வரைக்கும் போய் நின்றன.

"அந்த இடத்துல நின்னுடுவான்," என்றாள் அம்மா. "எத்தனையோ நாளாப் பாத்துட்டேன். இறங்க மாட்டான். ஏன்னு எனக்கு விளங்கல்ல. ஊர்ல ஓடிப்போனவன்னு சொல்றாங்க. பொலிஸ் வந்து கட்டிலுக்குக் கீழெல்லாம் தேடினாங்க. என் மகன் எதுக்கு ஓடினான்?"

குசுமா மச்சானைப் பார்த்துக் கும்பிட்டாள். சொல்லுங்கள் என்று உதடு மட்டும் அசைந்தது. ஒரு பொய், ஒரே ஒரு வரி. நானாக இருந்தால் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

மச்சான் பொய் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வேனில் என்னிடம் சொன்னதை எல்லாம் சொன்னார். குடைக்கு மேலே கால் தெரிந்ததை, தான் கத்தியதை, யாரும் விழாததை. "நான்தான் அம்மே ஓடச் சொன்னேன். அவன் பயந்து ஓடல்ல. நான் கத்தினதுக்குத்தான் ஓடினான்."

குசுமா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா அழவில்லை. முதல்தடவையாகத் தலையைத் திருப்பி மச்சானை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப அவன் சொன்னபடி செஞ்சிருக்கான்," என்றாள். "நிக்கச் சொல்லி ஆரும் சொல்லல்ல. அதனாலதான் இன்னும் நடக்கிறான். நீதானே ஓடச் சொன்னே. நீயே சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"வரச் சொல்லு."

மச்சான் துணியைப் பார்த்தார். கல்யாணப் பந்தலில் கண்ட அதே முகம், அதே நடுக்கம். ஆனால் இந்தமுறை அவர் கத்தவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆளிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போதும் ரணவீர. இறங்கு."

சுவரோரம் இருந்த இரண்டு குழிகளும் ஆழமாயின. துணி முனகியது. கட்டியிருந்த கயிறு இறுகியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு யாரோ பாரத்தை எடுத்துவிட்டதுபோலத் துணி நிமிர்ந்து, சமமாகி, அசையாமல் நின்றது. அறைக்குள்ளே எதுவும் விழவில்லை. ஆனால் தரையில் ஒரு சத்தம் கேட்டது. கனமான ஒன்று விழுந்து உருண்ட சத்தம். கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில்.

அந்த அம்மா அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"உயிரோட இருந்தா வாசல் வழியா வந்திருப்பான்," என்றாள். குரலில் கோபமும் இல்லை, நடுக்கமும் இல்லை. "குசுமா, பன்சலைக்குப் போய் பிக்குகிட்ட சொல்லு. தானம் குடுக்கணும்னு சொல்லு. அவனுக்குப் புடிச்ச பலாக்காய்க் கறி வைக்கணும்."

குசுமா வாய்விட்டு அழுதபடி வெளியே போனாள். எனக்கும் அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு மச்சானின் கையைத் தொட்டேன். அவர் அசையவில்லை. இன்னும் அண்ணாந்து துணியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அந்த அம்மா கையை நீட்டி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் வந்துட்டான் புதா," என்றாள். "இனி நீயும் இறங்கு."

மச்சான் அந்தக் கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்தார். ஒரு சின்னப் பிள்ளையைப் போல அழுதார். நான் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.