சந்தனம் பூசிய ஸ்டூல்

அந்த ஸ்டூலை நான் மூன்று தடவை பழைய இரும்புக் குவியலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். பெட்டிப் பலகையில் அடித்தது, இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். மூன்று தடவையும் மறுநாள் காலையில் டிரில்லிங் மெஷின் பக்கத்திலேயே வந்து நின்றிருக்கும். எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் நான் புது சூப்பர்வைசர், தலைகால் புரியாமல் ஆடிய வயது. மெஷின்காரர்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அதை அவரைவிட நான்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிரில்லிங் மெஷினில் இருந்தவரை எல்லோரும் அண்ணாத்தே என்பார்கள். திருமழிசைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் நிற்கணும், கொஞ்சம் உட்காரணும், ஒரேயடியாக எதுவும் கூடாதாம். அண்ணாத்தே அதை அப்படியே வேலைக்குப் பொருத்திக்கொண்டார். ஓட்டை போடும்போது ஸ்டூலில் பாதி சாய்ந்து ஒரு காலை நீட்டிக்கொள்வார். அடுத்த இரும்புத் துண்டை மாட்ட எழுந்து நிற்பார். குட்டை ஸ்டூல் என்றால் எழும்போது உயிர் போகும் என்றுதான் அந்த உயரம். இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் பட்டது. "நிக்க முடியலன்னா வீட்லயே இருந்துடுங்க" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"நின்னா முட்டி பூடும், குந்துனா வேல பூடும். நீயே சொல்லு சார், இன்னாத்த உட்றது?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இனி ஸ்டூலைப் பார்த்தால் வேலையிலிருந்தே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை. முதலாளி கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினாகக் காட்டிக்கொண்டு வந்தார். டிரில்லிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் கழுவித் துடைத்து நின்றது. நாலு காலிலும் சந்தனம், பலகையில் குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. அதுவும் ஒரு கருவிதானே என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி அதற்கும் காட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொரிகடலை வாங்கும்போது அண்ணாத்தே என் பக்கத்தில் வந்தார். "கற்பூரம் காட்ன சாமான் சார். இன்மே அதுல கைய வெச்சிடாத."

வைக்கவில்லை. அதில் சாய்ந்தபடியே இன்னும் ஆறு வருஷம் வேலை பார்த்தார். ஒரு ஓட்டைகூடக் கோணியதாக நினைவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக நின்றவரிடம், "முன்னாடியே உங்கள உக்கார உட்ருக்கணும் அண்ணாத்தே" என்றேன்.

"நீ எங்க சார் உட்ட? சாமிக்கு பயந்துகினு கம்முனு இருந்த. பரவால்ல, முட்டிக்கு அதெல்லாம் தெரியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இப்போது எனக்கும் முட்டித் தேய்மானம். போகிற இடத்திலெல்லாம், நான் கேட்பதற்கு முன்பே, யாராவது நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். உட்காரும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் கேட்டதும் இவ்வளவுதான். அதை என்னிடம் வாங்க அவர் சாமியைக் கூட்டிவர வேண்டியிருந்தது.