நூறு மீற்றரில் ஷிரீன் அக்காவின் பத்து ரவைகள்

ஷிரீன் அக்கா இன்று காலை போய்விட்டார்... ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன்.

வெள்ளவத்தையில் பஸ் ஏறியவள், கொம்பனித்தெருவில் அவர் வீட்டு வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்க்கும்வரை நம்பவில்லை. அஸர் தொழுகையோடு அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள்.

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனாலும்...

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவர் எனக்குப் பக்கத்து மேசை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போனவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "குட் மோர்னிங்" தவிர வேறு எதுவும் என் வாயிலிருந்து வந்திருக்காது.

அக்கா அப்படியே எதிர்ப்பக்கம். லிஃப்டில் ஏறினால் எல்லா மாடிக்காரரும் அவரோடு கதைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

ஒருநாள் லன்ச்சில் என் சோற்றுப் பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தேனாம்.

"புள்ள, முள்ளையும் சைஸ் பார்த்து அடுக்குற! சனிக்கிழம என்னோட ரைபிள் கிளப்புக்கு வா. எனக்கு ஒன்னப் போல ஒரு ஆள் தேவ."

அம்மாவிடம் "ஆபீஸ் ஸ்போர்ட்ஸ்" என்று மட்டும் சொன்னேன். துவக்கு என்று சொல்லியிருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்கியிருக்காது.

கிளப்பில் அக்காவுக்கு ஒரே ஆசை. நூறு மீற்றரில் ஒருமுறையாவது துவக்கில் போட்டுச் சுடும் பத்து ரவையும் டார்கெட்டின் கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். எத்தனையோ வருஷம் சுட்டும் அது அவருக்கு வாய்க்கவில்லை.

என் வேலை சுடுவது இல்லை. ரவை பிரிப்பது.

ஒரே பெட்டியில் வரும் ரவைகள்கூட ஒரே மாதிரி இருக்காது. ஒன்றின் அடிவிளிம்பு சற்றுத் தடிப்பு, இன்னொன்று கொஞ்சம் பாரம்... கிட்ட நின்று சுட்டால் தெரியாது. நூறு மீற்றரில் ஒன்று நடுவில் பட, அடுத்தது இரண்டு விரல் கீழே போய்விடும். நான் விளிம்பை அளந்து, தராசில் நிறுத்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்ப்பேன்.

"நல்ல ரவ, கூடாத ரவ எண்டு இல்ல புள்ள. எல்லாம் ஒரே மாதிரி இரிந்தா போதும்" என்பார்.

ஆனால் அவருக்குப் பொறுமை சுடும்போது மட்டும்தான். ஒரு போட்டியன்று, நான் பிரித்து வைத்த ரவைகளை எல்லாம் டிஷ்யூவால் பளபளவென்று துடைத்துவிட்டார்! மேலே பூசியிருக்கும் மெழுகு புதுக் கையுறையில் ஒட்டுகிறதாம். மெழுகு போனால் ரவை குழலுக்குள் ஈயத்தை அப்பிக்கொண்டு போகும்... அன்று டார்கெட்டில் அம்மை போட்ட மாதிரி ஓட்டைகள்.

"காத்து" என்றார்.

காற்றைக் காட்டும் கொடி அசையவே இல்லை. நான் கொடியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"அப்பிடிப் பாக்காதடீ! ஏசுறெண்டா வாயத் தொறந்து ஏசு!"

பிறகு எனக்குப் பலூடா வாங்கித் தந்து, வழி முழுக்கத் தன்னைத்தானே ஏசிக்கொண்டு வந்தார்.

போன வருஷம் நோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு கை நடுங்கத் தொடங்கியது. எல்லோரும் அவரிடம் "ஒண்டுமில்ல, முகம் தெளிஞ்சிருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அவர் மட்டும் அந்தப் பத்து ரவையைப் பற்றியே கதைத்தார்.

ஒரு சனிக்கிழமை வந்துவிட்டார். இருந்ததில் மிகவும் ஒத்த பத்தை எடுத்துக் கொடுத்தேன். படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் காத்திருந்து சுட்டார்.

ஒன்பது உள்ளே. ஒன்று வெளியே.

"ரவை பிழை மேடம்", "காத்து இழுத்திட்டுது"... கிளப்பில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

"நீ சொல்லு. ரவயா, நானா?"

அந்த ரவைகளில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீங்கதான் அக்கா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரிக்கத் தொடங்கினார்... மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ரவ பிழையெண்டா நான் என்ன செய்ய ஏலும்? நான் எண்டா திருத்தலாமே. அடுத்த கிழமைக்கு இன்னொரு பத்து எடுத்து வை புள்ள."

எடுத்து வைத்தேன். அடுத்த சனி அவர் ஆஸ்பத்திரியில். அதற்கடுத்த சனியும்...

"முந்தாநாளும் உம்மா கேட்டாங்க, எப்ப கிளப்புக்குப் போற எண்டு" என்றார் அவருடைய மகள், இன்று.

போய் வாருங்கள் அக்கா. அந்தப் பத்தையும் நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.