பட்டி பூச மறுத்த சந்தியாகு

தங்கச்சிமடத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் சந்தியாகுவைப் போலத் தலைக்கனம் பிடித்தவனை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் பஞ்சர் கடை போட்டுக்கொண்டு அவன் பீற்றலை நாள் முழுக்கக் கேட்கிற தலையெழுத்து எனக்கு. ஆனால் வெல்டிங்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவனை வளர்த்து ஆளாக்கியது அக்கா மிக்கேலம்மாள். அவள் புருஷன் ரூபஸ் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். முன்பு ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். பின்சக்கரம் அலையில் நனைய ஜீப்பை இறக்கி மீன்பெட்டி ஏற்றுவார். கயிறு கட்டி வள்ளத்தையும் கரைக்கு இழுப்பார். பிறகு கார் வாங்கினார். மனுஷன் காரிலும் அதையே செய்தார். வேண்டாம் வேண்டாம் என்று சந்தியாகு தலைபாடாய் அடித்துக்கொண்டான். யார் கேட்டது?

இந்த மாசியில் காரை விற்கப் பார்த்தார். கீழக்கரையில் ஆதில் என்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுவிட வாங்குவதாக இருந்தது. அடியில் இருக்கும் ஓட்டையைப் பட்டி பூசி மறைத்துப் பெயிண்ட் அடித்துக் கொடு என்றார் ரூபஸ். சந்தியாகு மாட்டேன் என்றுவிட்டான். மறுநாள் அக்காவே கிளம்பி வந்தாள். மச்சானை மதிக்காத தம்பி தனக்கும் வேண்டாம் என்று அவள் பட்டறை நடுவே நின்று சொன்னபோது அவன் முகம் செத்துப்போயிற்று. அவளை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஜீப்பை எத்தனை தடவை சரி பண்ணிக் குடுத்த. இதுக்கு மட்டும் என்னலே வந்துச்சு?" என்றாள்.

அவன் குரலை உயர்த்தாமல் விளக்கினான். ஜீப்புக்கு அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் தனியாக ஓடும். துருப்பிடித்த இடம் கண்ணுக்குத் தெரியும், வெட்டியெடுத்து வேறு இரும்பு வைத்துப் பற்றவைக்கலாம். காரில் கூடு வேறு, சட்டம் வேறு கிடையாது. மெல்லிய தகட்டை மடித்து மடித்துச் செய்தது. மோதினால் முன்பக்கம் நொறுங்கி, அடியை அதுவே வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும். அந்த விஷயத்தில் ஜீப்பைவிடக் கார்தான் மேல் என்று அவனே ஒப்புக்கொண்டான். ஆனால் உப்புத்தண்ணீர் மடிப்புக்குள் புகுந்தால் உள்ளிருந்தே தின்றுவிடும். ஒரு இடம் அரித்திருந்தால் வெட்டி ஒட்டலாம். இது சுற்றிலும் போய்விட்டது, எங்கேயாவது மோதினால் உள்ளே இருக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து நசுங்கிவிடும்.

"நம்பலேன்னா நீயே குத்திப் பாருக்கா," என்று ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தான்.

காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தியிருந்தான். அக்கா கீழே உட்கார்ந்து, பின்சீட்டுக் கதவுக்குக் கீழே குத்தினாள். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. துரு பொலபொலவென்று கொட்டியது.

"மாதாவே," என்றாள். கொட்டிய துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வேற பட்டறையில விட்டா பூசிக் குடுத்துருவானா?"

"குடுப்பான். பாக்க ஷோக்காத்தான் இருக்கும்."

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஸ்குரூ டிரைவரை மறுபடி குத்தி, நெம்பி, தகட்டைக் கிழிக்க ஆரம்பித்தாள். கை நுழைகிற அளவு ஓட்டை ஆயிற்று. அப்புறமும் விடவில்லை.

"இனி எவன் பட்டி பூசுறான்னு பாக்குறேன்," என்று சொல்லிக்கொண்டே அடுத்த கதவுப் பக்கம் நகர்ந்தாள். தம்பிக்காரன் சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினான்.